ஈயச்சொம்பு உருகினா அது என்ன மாற்றம்? இயற்பியல், வேதியியல் மாற்றம் பத்தி பசங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கோவில்பட்டி பக்கம் சாயங்காலம் வீட்டுலயே ட்யூஷன் எடுக்குறேன், ஆறு ஏழு எட்டாங்கிளாஸ் பசங்க. ஒவ்வொரு வருஷமும் இந்த பாடம் வந்தா அதே டவுட்டுங்கதான் வருது, முகம்தான் மாறுது. போன வருஷம் ஒரு நோட்டுல எழுதி வைக்க ஆரம்பிச்சேன், அதைத்தான் இங்க போட்டிருக்கேன். பசங்க கேட்ட மாதிரியே கேள்விய விட்டிருக்கேன், ரெண்டு மூணு கேள்வி அம்மாக்கள் கேட்டது.

மிஸ், இயற்பியல் மாற்றம் வேதியியல் மாற்றம் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், ஒரே வரில சொல்லுங்க

புதுசா ஒரு பொருள் வந்துச்சா இல்லையா, அவ்ளோதான். வந்தா வேதியியல், வரலன்னா இயற்பியல். பேப்பர நூறு துண்டா கிழிச்சாலும் ஒவ்வொரு துண்டும் பேப்பர்தான், அதுல பேனாவால எழுதலாம். கொளுத்திட்டா கையில இருக்கிறது சாம்பல், மேல போனது புகையும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும், அதுல எதையும் பேப்பர்னு கூப்பிட முடியாது.

நான் பசங்ககிட்ட சொல்றது: மாற்றத்துக்கு அப்புறமும் பழைய பேர சொல்லியே அதைக் கூப்பிட முடியுதான்னு பாரு. பொடிச்ச சர்க்கரை சர்க்கரைதான். கருகின சர்க்கரைய யாராச்சும் காபில போடுவாங்களா?

எங்க தாத்தா பௌதிக மாற்றம்னு சொல்றாரு, புக்குல இயற்பியல்னு இருக்கு, எது சரி?

ரெண்டும் ஒண்ணுதான். பௌதிகம், ரசாயனம்னு முன்னாடி சொன்னத இப்ப நம்ம புக்குல இயற்பியல், வேதியியல்னு போடுறாங்க. இலங்கைல இன்னைக்கும் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம்தான். பரீட்சைல உங்க புக்குல இருக்கிற வார்த்தைய எழுதுங்க, தாத்தாகிட்ட சண்டை போட வேணாம்.

பழையபடி கொண்டுவர முடிஞ்சா இயற்பியல், முடியலன்னா வேதியியல். இதானே ரூல்?

இந்த ஒரு ரூலாலதான் நான் இந்தப் பக்கத்தையே எழுதுறேன். கைடுல எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கு, நிறைய தடவை பலிக்கவும் செய்யும், ஆனா பலிக்காத இடத்துல மார்க்கு போயிடும். தேங்காய உடைச்சா ஒட்ட முடியுமா? முடியாது, ஆனா தேங்காய் தேங்காய்தானே. அரிசிய மாவா திரிச்சா திரும்ப அரிசி ஆகாது, அதுக்காக மாவு வேற பொருள் ஆயிடுமா?

எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். அம்மாகிட்ட ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஒண்ணு இருந்துச்சு, பாட்டி குடுத்தது. நான் காலேஜ் படிக்கிறப்ப ஒரு நாள் வெறும் சொம்ப அடுப்புல வச்சு பத்தவச்சுட்டு, புளித்தண்ணி எடுக்கத் திரும்புனேன், திரும்பிப் பாத்தா சொம்போட அடிப்பக்கம் அப்படியே பாதரசம் மாதிரி பர்னர்ல வழிஞ்சுக்கிட்டு இருக்கு. ஈயச்சொம்புன்னு பேருதானே தவிர அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், உள்ள ரசம் இருந்தா சூடு 100 டிகிரி பக்கத்துலயே நிக்கும் அதனால சொம்பு தப்பிக்கும், வெறுமனே வச்சா காலி. அந்த சொம்பு திரும்ப வரவே இல்ல, அம்மா ஒரு வாரம் என்கூட பேசல. ஆனா ஆறினதும் பர்னர்ல இருந்து சுரண்டி எடுத்த கட்டிய பாத்திரக்கடைக்காரர் எடை போட்டு ஈயமாவே எடுத்துக்கிட்டாரு. சொம்புதான் போச்சு, ஈயம் ஈயமாத்தான் இருந்துச்சு. இயற்பியல் மாற்றம்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, வேதியியல் மாற்றம் ஆனா திரும்ப வரும். அது கீழ ஆரத்தி கேள்வில வருது.

ஐஸ் கெட்டியா இருந்துச்சு, இப்ப தண்ணியா ஓடுது. அது புதுப் பொருள் இல்லையா மிஸ்?

இல்லப்பா. ஐஸ், தண்ணி, ஆவி மூணுலயும் இருக்கிறது அதே தண்ணி மூலக்கூறுதான். ஐஸ்ல அசெம்பிளில நிக்கிற மாதிரி வரிசையா நிக்கிது, தண்ணில இண்டர்வெல் விட்ட மாதிரி இடிச்சுக்கிட்டு நகருது, ஆவில லாங் பெல் அடிச்ச மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஓடுது. பசங்க மாறல, நிக்கிற விதம்தான் மாறுச்சு. 0 டிகிரில உருகும், 100 டிகிரில கொதிக்கும், குளிர வச்சா அதே வழில திரும்பி வரும்.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, தண்ணி உறையுறப்ப சுமார் 9 சதவீதம் இடம் ஜாஸ்தி எடுத்துக்கும். கண்ணாடி பாட்டில்ல தண்ணிய முட்ட நிரப்பி ஃப்ரீசர்ல வச்சா விரிசல் விடுறது இதனாலதான். பாட்டிலே உடைஞ்சுபோச்சே, அப்ப இது வேதியியல்தானேன்னு ஒரு பையன் கேட்டான். பாட்டிலும் கண்ணாடிதான், தண்ணியும் தண்ணிதான், ரெண்டுமே இயற்பியல்.

டப்பால வச்ச கற்பூரம் காணாமப் போகுதே, எங்க போச்சு?

காத்துல போச்சு. கற்பூரம் உருகாம நேரா கெட்டில இருந்து ஆவியாகும், இதுக்கு பதங்கமாதல்னு பேரு, பீரோவுல போடுற அந்துருண்டையும் இப்படித்தான் வரவர சின்னதாகும். மூடி இறுக்கமா இருக்கிற கண்ணாடி டப்பால போட்டு ஜன்னல் ஓரமா சில நாள் வச்சுப் பாருங்க, குளிர்ச்சியான பக்கத்துல உள்ளுக்குள்ள பொடிப்பொடியா வெள்ளையா ஒட்டியிருக்கும், தொட்டு மோந்தா கற்பூரம். ஆவியா போனது திரும்ப கெட்டியாயிருக்கு, புதுப் பொருள் எதுவும் இல்ல, அதனால இயற்பியல்.

அதே கற்பூரத்த தட்டுல வச்சு ஏத்தினா கதையே வேற. அது ஆக்சிஜனோட சேந்து எரியுது, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கரிப்புகையும் வருது. தட்டு மேல படியுற அந்த கருப்பு, கற்பூரத்துக்குள்ள இருந்த கார்பன்தான். ஒரே பொருள், டப்பால இருந்தா ஒரு மாற்றம், தட்டுல இருந்தா இன்னொரு மாற்றம்.

மெழுகுவர்த்தி எரியுறது எதுல சேர்த்தி? ஒரு கைடுல இயற்பியல், இன்னொண்ணுல வேதியியல்

ரெண்டும் நடக்குது, ரெண்டையும் எழுதுனாதான் முழு மார்க். மெழுகு உருகுறது இயற்பியல், உருகின மெழுகு திரி வழியா ஏறி ஆவியாகுறதும் இயற்பியல், அந்த ஆவி எரியுறது வேதியியல். பக்கத்துல வழிஞ்சு உறைஞ்சத திரட்டி திரும்ப மெழுகுவர்த்தி செய்யலாம், எரிஞ்சு போனத செய்ய முடியாது.

எரியுறது கெட்டி மெழுகு இல்ல, மெழுகு ஆவிதான்னு நம்ப மாட்டேன்றவங்களுக்கு ஒண்ணு இருக்கு, பெரியவங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யணும். நல்லா எரியுற மெழுகுவர்த்திய ஊதி அணைங்க, வெள்ளையா ஒரு புகை மேல எழும்பும்ல, அந்தப் புகைல, திரிக்கு ஒரு இஞ்ச் மேல தீக்குச்சிய காட்டுங்க. நெருப்பு புகை வழியா இறங்கி வந்து திரிய பத்த வைக்கும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல மைக்கேல் ஃபாரடேன்ற விஞ்ஞானி 1860 கிறிஸ்துமஸ் லீவுல பசங்களுக்காக வெறும் மெழுகுவர்த்திய வச்சே ஆறு லெக்சர் எடுத்தாரு. ஆறு லெக்சருக்கு விஷயம் இருக்கிற பொருளை நாம ரெண்டு மார்க்குல முடிச்சுடுறோம்.

கேஸ் அடுப்பும் இதே கதைதான். சிலிண்டர்ல இருக்கிற 14.2 கிலோவும் அழுத்தி வச்ச திரவம், வெளிய வரப்ப ஆவியாகுறது இயற்பியல், பர்னர்ல நீலமா எரியுறது வேதியியல்.

எங்க ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ் இருக்கு. தீக்குச்சிய உரசுறது என்ன மாற்றம்?

இதக் கேட்டவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறாங்க, அவனுக்கு என்னைவிட நல்லாவே தெரியும், என்னை டெஸ்ட் பண்ணான். குச்சி மருந்துல பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை எல்லாம் இருக்கு, சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது பெட்டியோட பக்கப் பட்டைல. உரசுறப்ப வர்ற சூடு வரைக்கும் இயற்பியல், அந்த சூட்டுல பாஸ்பரஸும் குளோரேட்டும் வினைபுரிஞ்சு பத்திக்கிறது வேதியியல். சுவத்துல உரசினா பத்தாம இருக்கிறது ஏன்னா சுவத்துல பாஸ்பரஸ் இல்ல.

மழைக்காலத்துல குச்சி நமுத்துப் போறது? ஈரம் ஏறுறதுதான், வெயில்ல காய வச்சா பெரும்பாலும் பத்தும். இயற்பியல்.

நுரை வந்தா, குமிழி வந்தா கண்ணை மூடிக்கிட்டு வேதியியல்னு எழுதிடலாமா?

கூடாது. கோலி சோடாவ உடைச்சா பொங்குதே, அது அழுத்தி அடைச்ச கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் குறைஞ்சதும் வெளிய வர்றது, கேஸ் முன்னாடியே உள்ள இருந்துச்சு. தண்ணி கொதிக்கிறப்ப வர்ற குமிழி நீராவி. ரெண்டையும் இயற்பியல்னுதான் எழுதணும்.

ஆப்ப சோடால எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பொங்குது பாருங்க, அங்கயும் வர்றது அதே கார்பன் டை ஆக்சைடுதான், ஆனா பிழியுறதுக்கு முன்னாடி அது கேஸா எங்கயும் இல்ல, அமிலமும் சோடாவும் சேந்தப்ப புதுசா உண்டாச்சு. அதனால வேதியியல். கேஸ் வருதான்னு பாக்காதீங்க, அந்த கேஸ் முன்னாடியே இருந்துச்சா புதுசா பொறந்துச்சான்னு பாருங்க. நுரை, கலர், சூடு, வாசம் இதெல்லாம் துப்புதான், தீர்ப்பு இல்ல.

அப்ப கலர் மாறினாலும் அப்படித்தானா?

அப்படித்தான். இரும்புக் கம்பிய கொல்லுப்பட்டறைல காச்சினா செக்கச்செவேல்னு ஆகும், ஆறினா அதே இரும்பு. தண்ணில இங்க் ஒரு சொட்டு விட்டா கலர் மாறும், இங்க் பரவியிருக்கு, அவ்ளோதான். வெட்டி வச்ச வாழைக்காயும் கத்தரிக்காயும் கருக்குறது மட்டும் வேதியியல், காய்ல இருக்கிற நொதியும் (என்சைம்னு சொல்வாங்க, வினைய வேகப்படுத்துறது) காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேந்து புதுசா பழுப்பு நிறப் பொருள உண்டாக்குது. அம்மா வெட்டினதும் தண்ணில போடுறது காத்து படாம இருக்கத்தான், மோர்த்தண்ணின்னா இன்னும் நல்லது, புளிப்புல அந்த நொதி சரியா வேலை செய்யாது.

ஆரத்தில மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா சிவப்பாகுதே, அது கலர் கலக்குற மாதிரியா, வேதியியலா?

எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. மஞ்சள் பெயிண்ட்டும் வெள்ளை பெயிண்ட்டும் கலந்தா வெளிர் மஞ்சள்தானே வரணும், ரத்தச் சிவப்பு எப்படி வந்துச்சு? மஞ்சள்ல குர்குமின்னு ஒரு நிறமி இருக்கு, சுண்ணாம்பு காரம் (மிளகாய்க் காரம் இல்ல, அமிலத்துக்கு எதிர்ப்பக்கம்). காரம் பட்டதும் குர்குமின் மூலக்கூறு தன்கிட்ட இருக்கிற ஹைட்ரஜன் அயனிய (அயனின்னா மின்னூட்டம் உள்ள அணு) விட்டுக்குடுத்துட்டு வேற வடிவத்துக்குப் போகுது, அந்த வடிவத்தோட கலர்தான் சிவப்பு. சட்டைல பட்ட மஞ்சக்கறை சோப்பு போட்டதும் சிவக்குறதும் இதேதான், சோப்பும் காரம்.

இப்ப இதுல எலுமிச்சம்பழம் பிழியணும். நான் ட்யூஷன்ல ஒரு வெள்ளைக் கிண்ணத்துல செஞ்சு காட்டுவேன், மொதல்ல நாலஞ்சு சொட்டுக்கு ஒண்ணும் ஆகாது, சாறு விழுற இடத்துல மட்டும் மஞ்சளா ஒரு புள்ளி தோணி தோணி மறையும், விடாம பிழிஞ்சுக்கிட்டே கலக்கினா திடீர்னு கிண்ணம் முழுக்க மஞ்சளாயிடும். சுண்ணாம்பு ஜாஸ்தி போட்டிருந்தா பாதி மூடி பத்தாது, முழுப் பழமும் வேணும். திரும்ப சுண்ணாம்பு போட்டா திரும்ப சிவப்பு. வேதியியல் மாற்றம்தான், ஆனா போயிட்டுப் போயிட்டு வருது. மேல சொன்ன "திரும்ப வந்தா இயற்பியல்" ரூல் இங்க படுத்துடுச்சு பாத்தீங்களா.

ஸ்கூல் லேப்ல காப்பர் சல்ஃபேட் இருந்தா அதுலயும் பாக்கலாம். நீலப் படிகத்த சூடுபண்ணினா தண்ணி வெளியேறி வெள்ளைப் பொடியாகும், ரெண்டு சொட்டு தண்ணி விட்டா மறுபடி நீலம். லேப்ல சார் முன்னாடி மட்டும் செய்யுங்க, வாயில பட்டா விஷம்.

உப்பு தண்ணில கரைஞ்சா கண்ணுக்கே தெரியல. அது வேதியியல் இல்லையா?

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளத்துல என்ன நடக்குது? கடல்தண்ணிய பாத்தில விடுறாங்க, வெயில் தண்ணிய எடுத்துக்குது, உப்பு மிஞ்சுது. அது புதுசா உருவான உப்பு இல்ல, கரைஞ்சு கிடந்த உப்பு. வாயில வச்சா கரைச்சலும் உப்புதானே கரிக்கிது. ஆறாவது ஏழாவதுக்கு இயற்பியல் மாற்றம்னு எழுதுங்க, அதான் விடை.

ஆனா ஒருத்தி விடல, உப்பு உடைஞ்சு சோடியம் அயனி குளோரைடு அயனின்னு தனித்தனியா ஆகுதுன்னு அண்ணன் புக்குல போட்டிருக்கு, அப்ப பழைய பொருள் இல்லையேன்னா. நியாயமான கேள்வி. உப்புக் கட்டிலயும் அதே அயனிகள்தான் இருந்துச்சு, அடுக்கி வச்சிருந்துச்சு, தண்ணி அதைப் பிரிச்சு சுத்தி நிக்கிது. புதுப் பொருள் இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க, பிணைப்பு விலகுதே அது வேதியியல்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க. இந்த மாதிரி வேலி மேல உக்காந்திருக்கிற விஷயமும் அறிவியல்ல உண்டு, நாம கோடு போட்டதுக்காக இயற்கை அந்தக் கோட்டுக்குள்ளேயே நிக்கணும்னு இல்ல.

சுண்ணாம்புக் கல்லும் தண்ணில கரையுது, அதுவும் உப்பு மாதிரிதானே?

இல்லவே இல்ல. சுண்ணாம்புக் கல்ல சூளைல சுட்டு எடுத்ததுதான் சுட்ட சுண்ணாம்பு, அதுல தண்ணி ஊத்தினா கொதகொதன்னு கொதிக்கும், வாளியத் தொட முடியாது. கால்சியம் ஆக்சைடு தண்ணியோட வினைபுரிஞ்சு கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகுது, அதைத்தான் நீத்துன சுண்ணாம்புன்னு சொல்றோம். சுவத்துல அடிச்சப்புறம் அது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைட எடுத்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கால்சியம் கார்பனேட் ஆகும், அதாவது சூளைல போட்ட கல் எதுவோ அதுவாவே சுவத்துல வந்து உக்காந்துக்கும். வெள்ளையடிச்ச அன்னைக்கு தொட்டா கையில ஒட்டுறது நாளாக ஆக கெட்டிப்படுறது இதனாலயும்தான். நீத்துறப்ப பக்கத்துல போய் எட்டிப் பாக்காதீங்க, கண்ணுல தெறிச்சா பார்வையே போயிடலாம்.

துரு புடிக்கிறதுக்கு தண்ணி காரணமா காத்து காரணமா?

ரெண்டும் வேணும். மூணு டம்ளர் எடுத்து ஆளுக்கு ரெண்டு ஆணி போடுங்க. ஒண்ணுல சும்மா தண்ணி பாதி வரைக்கும். ரெண்டாவதுல நல்லா கொதிக்க வச்சு ஆறின தண்ணி, மேல ஒரு விரக்கடை எண்ணெய், ஏன்னா கொதிச்சா கரைஞ்சிருக்கிற காத்து போயிடும், எண்ணெய் புதுக் காத்த உள்ள விடாது. மூணாவதுல தண்ணியே வேணாம், புது ஷூ டப்பால வர்ற அந்த உறிஞ்சு பாக்கெட்ட போட்டு மூடிடுங்க. ஒரு வாரத்துல மொத டம்ளர் மட்டும் காவிக் கலர் ஆகியிருக்கும்.

உப்பு சேந்தா இன்னும் வேகம். 1914ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் கடைசி வரைக்கும் துருவோடதான் மல்லுக்கட்டுச்சு, உப்புக்காத்து நாள் முழுக்க அடிக்கிற இடம், 2022 டிசம்பர்ல ரயில நிப்பாட்டுனாங்க, 2025ல பக்கத்துலயே புதுப் பாலம் திறந்துட்டாங்க. அதே சமயம் டெல்லில குதுப்மினார் பக்கத்துல சுமார் 1,600 வருஷமா ஒரு இரும்புத் தூண் பெருசா துருவே இல்லாம நிக்கிது, அந்த இரும்புல பாஸ்பரஸ் ஜாஸ்தி, அதனால மேல ஒரு மெல்லிசான பாதுகாப்புப் படலம் உண்டாயிருக்குன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. நம்ம வீட்டு அரிவாமணைக்கு பாட்டி தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறதும் படலம்தான், காத்தும் தண்ணியும் இரும்பத் தொடக்கூடாது.

விறகு எரிஞ்சா கைப்பிடி சாம்பல்தான் மிஞ்சுது. மீதி அழிஞ்சு போச்சா?

எதுவும் அழியல, கேஸா மேல போயிடுச்சு, நாம எடை போடல. போற கேஸையும், எரியுறதுக்கு உள்ள வந்த ஆக்சிஜனையும் சேத்து மூடின பாத்திரத்துல வச்சு எடை போட்டா முன்னையும் பின்னையும் ஒரே எடை. பிரான்ஸ்ல லவாய்சியே இதத்தான் தராசு வச்சு காட்டினாரு, 18ஆம் நூற்றாண்டுல. (1794ல அவரு தலைய கில்லட்டின்ல வெட்டிட்டாங்க, வேதியியலுக்காக இல்ல, வரி வசூல் பண்ற கூட்டத்துல இருந்ததுக்காக.)

எரிஞ்சா எடை கூடுற பொருளும் உண்டு. மெக்னீசியம் நாடாவ கொளுத்தினா வர்ற வெள்ளைச் சாம்பல் முழுசையும் சிந்தாம எடை போட்டா நாடாவ விட ஜாஸ்தி இருக்கும், ஆக்சிஜன் சேந்திருக்குல்ல. துருவும் இப்படித்தான் இரும்ப விட கனம்.

பால் தயிராகுறது, மாவு புளிக்கிறது, அரிசி வேகுறது மூணும் ஒண்ணா? (ஒரு அம்மா கேட்டது)

தயிரும் மாவும் சந்தேகமே வேணாம், வேதியியல். பாலோட சர்க்கரைய பாக்டீரியா தின்னுட்டு லாக்டிக் அமிலமா மாத்துது, அந்தப் புளிப்புல பால்ல இருக்கிற கேசின் புரதம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு உறையுது. இட்லி மாவுல நுண்ணுயிருங்க அமிலத்தோட கார்பன் டை ஆக்சைடையும் விடுது, குண்டான் பொங்குறது அந்த கேஸாலதான். இது கோலி சோடா மாதிரி இல்ல, எலுமிச்சம்பழம் மாதிரி, மேல பாத்தோமே.

அரிசி கொஞ்சம் சிக்கல். வெந்த சோத்துலயும் இருக்கிறது அதே மாவுச்சத்துதான், ஆனா தண்ணிய இழுத்து ஊதி, உள்ள இருந்த அடுக்கு குலைஞ்சு போயிருக்கு. முட்டை வேகுறதும் இந்த ஜாதி, புரதம் மடிப்பு கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்குது. புக்குல சமையல்னா வேதியியல்னு போட்டிருப்பாங்க, அப்படியே எழுதுங்க, முட்டைக்கு எனக்கும் ஆட்சேபனை இல்ல. சோத்துக்கு மட்டும் நான் மனசுக்குள்ள ஒரு கேள்விக்குறி போட்டுக்குவேன்.

கடலைமிட்டாய்க்கு பாகு காச்சுறது?

எங்க ஊருக்கு 2020ல புவிசார் குறியீடு வாங்கிக்குடுத்த சரக்கு, இத விட முடியுமா. வெல்லம் தண்ணில கரையுறது, வடிகட்டுறது, தண்ணி வத்தி பாகு இறுகுறது எல்லாம் பெரும்பாலும் இயற்பியல்தான், தண்ணில ஒரு சொட்டு விட்டு எடுத்தா டக்குன்னு உடையுற பதம் வர்றப்ப உள்ள தண்ணி ரொம்பக் கொஞ்சம். அதுக்கு மேல அடுப்புல விட்டா சர்க்கரை மூலக்கூறே உடைய ஆரம்பிக்கும், கலர் கருக்கும், கசக்கும், அங்க வேதியியல். தண்ணி ஊத்தினாலும் திரும்ப வெல்லமாகாது, சட்டிய ஊற வைக்க வேண்டியதுதான்.

வீடு கட்டுறோம், சிமென்ட் காயத்தானே போகுது, ஏன் கொத்தனார் தினமும் தண்ணி ஊத்தச் சொல்றாரு? (இதுவும் ஒரு அம்மா)

அக்கா, சிமென்ட் காயுறதில்ல, இறுகுது. துணி காயுறதுன்னா தண்ணி வெளிய போகணும், சிமென்ட்டுல தண்ணி உள்ள போய் அதோட வினைபுரியணும், புதுசா ஊசி ஊசியா படிகமும் பசை மாதிரி ஒண்ணும் உண்டாகி மணலையும் ஜல்லியையும் புடிச்சுக்கும். சீக்கிரம் காஞ்சுட்டா வினை பாதில நிக்கும், விரிசல் விடும். அதான் ஒரு வாரம் பத்து நாளாவது நனைக்கச் சொல்றது, 28 நாள் பலம்னு இன்ஜினியர் கணக்கு பாக்குறது. பாலத்துத் தூணு தண்ணிக்குள்ளேயே இறுகுதே, காயுறதா இருந்தா அது நடக்குமா? மழைல நனைஞ்ச மூட்டை கல்லாப் போறதும் இதே வினை, அதைப் பொடிச்சுப் போட்டா வேலைக்காகாது.

களிமண்ண இதோட ஒப்பிட்டுப் பாக்கலாம். குயவர் வனைஞ்சு நிழல்ல காய வச்ச பச்சைப் பானை, கெட்டியாத்தான் இருக்கும், தட்டினா சத்தம் கூட வரும், ஆனா ஒரு மழை போதும், திரும்ப சேறு. அது வெறும் காயுறது, இயற்பியல். சூளைல வச்சு 500, 600 டிகிரிய தாண்டினா களிமண் மூலக்கூறுக்குள்ளேயே பிணைஞ்சிருக்கிற தண்ணி வெளியேறி அது வேற பொருளாயிடும், அப்புறம் வருஷக்கணக்கா தண்ணி ஊத்தி வச்சாலும் கரையாது. இங்க பக்கத்துல ஆதிச்சநல்லூர்ல தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி 2,000 வருஷத்துக்கு மேல ஈர மண்ணுக்குள்ள கிடந்துச்சு, இன்னும் தாழியாத்தான் இருக்கு.

பித்தளை விளக்க புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆகுதே, அது அழுக்கு போறதுதானே?

தூசி போறது இயற்பியல், களிம்பு போறது வேதியியல். செம்பு கலந்த பாத்திரத்து மேல காத்தும் ஈரமும் பட்டு உண்டாகிற படலம்தான் களிம்பு, வெறும் தண்ணிக்கு போகாது, புளில இருக்கிற டார்டாரிக் அமிலம் அதோட வினைபுரிஞ்சு கரைச்சுடும். பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வைக்காம உள்ள ஈயம் பூசுறதும் இந்த வினை குழம்புக்குள்ள நடக்கக்கூடாதுன்னுதான். பூசுற வேலை மட்டும் இயற்பியல், வெள்ளீயம் உருகுது, பரவுது, உறையுது, எங்க வீட்டுச் சொம்பு மாதிரி.

ஃபோன் சார்ஜ் ஏறுறது இறங்குறது?

வேதியியல், பேட்டரிக்குள்ள. திரும்பி வர்ற வேதியியல் மாற்றத்துக்கு ஆரத்திக்கு அப்புறம் நல்ல உதாரணம், என்ன, முழுசா திரும்பாது, ஒவ்வொரு தடவையும் துளித்துளியா பாக்கி விழும், அதான் ரெண்டு வருஷத்துல பேட்டரி வீக்காகுறது.

ஒரு தோசை சுடுறதுல மொத்தம் எத்தனை மாற்றம் மிஸ்?

ஒரு மழை நாள்ல கரண்ட் போயிருந்தப்ப ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி கேட்டா, அன்னைக்கு பாடம் அதுலயே போச்சு. அரிசி ஊறுறது, அரைக்கிறது இயற்பியல். ராத்திரி புளிக்கிறது வேதியியல். கேஸ் எரியுறது வேதியியல், கல்லு சூடேறுறது இயற்பியல். மாவு ஊத்தினதும் வர்ற சொய்ங்குன்ற சத்தம் தண்ணி ஆவியாகுறது, இயற்பியல். ஓரம் பொன்னிறமாகி வாசம் வருதே, அது புரதத்துல இருக்கிற அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டுல சேந்து நூத்துக்கணக்குல புதுப் பொருள் உண்டாகுறது, பிரெஞ்சுக்காரர் மெயிலார்ட் 1912ல இந்த வினைய சொன்னாரு, வேதியியல். சுட்ட தோசைய பிச்சு சாப்பிடுறது இயற்பியல், வயித்துல செரிக்கிறது வேதியியல்.

சட்னிக்கு தாளிக்கிறப்ப கடுகு வெடிக்கிறது விட்டுப்போச்சேன்னு கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல். கடுகுக்குள்ள இருக்கிற கொஞ்சூண்டு ஈரம் ஆவியாகி தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வருது, வெடிக்கிற வரைக்கும் இயற்பியல். கருகிடுச்சுன்னா வேற கணக்கு.